இடப்புறத்துச் சாளரம்

விமான நிலையத்துக் கருமபீடத்தில் அமர்ந்திருக்கும் இளம்பெண், நம் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தபடியே, முகத்தை நிமிர்த்தாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "விண்டோவா, ஐலா?" இரண்டு சொற்களில் அடங்கிவிடும் அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு அப்பால் நகர்ந்துவிடலாம், பின்னால் காத்து நிற்கும் வரிசையும் நாம் அவ்வாறு நகர்வதையே விரும்பும். ஆயினும், மலைநாட்டில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடாகிய ஒரு லயத்திலே பிறந்து, அறுபது பிராயத்தைக் கடந்து, ஜீவியத்தின் பிரதானமான சங்கதிகள் பலவற்றிலும் தன்னுடைய விருப்பம் இன்னதென்று எவராலும் கேட்கப்படாத ஒரு ஜனசமூகத்தில் வளர்ந்தவனாகிய எனக்கு, அந்தக் கேள்வி முதன்முதலாகக் காதில் விழுந்தபோது உண்டான தடுமாற்றம் சாமானியமானதன்று. எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிக்க, தீர்மானித்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தே பழகிய சரீரத்துக்கு, "உனக்கு எது வேண்டும்?" என்ற விசாரிப்பே ஒரு மரியாதையாகவும், அதே சமயத்தில் ஒரு பரீட்சையாகவும் தோன்றியது.

சிறிய விமானங்களில் வரிசைக்கு ஆறு ஆசனங்கள்; நடுவே ஒரு நடைவழி. ஏ, எஃப் என்பவை சாளரத்தோரத்து ஆசனங்கள். சீ, டீ என்பவை நடைவழியோரத்தவை. பீ, ஈ என்னும் இரண்டும் எவரும் கேட்டு வாங்காதவை. இந்த ஆறு எழுத்துகளுக்குள் மனித சுபாவத்தின் இரு பெரும் நாட்டங்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஒன்று, காண வேண்டும் என்னும் நாட்டம். மற்றொன்று, தடையின்றி எழுந்து நடமாட வேண்டும் என்னும் நாட்டம். கண்ணுக்கும் காலுக்கும் இடையே நடக்கும் இந்த வழக்கில் நெடுங்காலம் நான் கண்ணின் கட்சியிலேயே நின்றேன். சென்ற ஆண்டு மாசி மாதத்தில், கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் பறந்த ஒரு காலை நேரத்தில், அந்தக் கட்சியில் என் நம்பிக்கை குலைந்தது. அது எவ்விதம் நேர்ந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் ஊராகிய அலவத்துகொட, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, அக்குறணையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், பாதையின் இருமருங்கிலும் கடைகளும் அந்தக் கடைகளின் முதுகுப்புறத்திலிருந்தே ஏறத் தொடங்கிவிடும் குன்றுகளுமாக அமைந்த சிறு பட்டணம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டதெனினும், அது வத்தேகம, உக்குவளை வழியாகக் கிழக்கே விலகிப் போய்விட்டபடியால், எங்கள் ஊரார் ஆசன சாஸ்திரத்தைக் கோச்சியில் கற்கவில்லை, பஸ்ஸில்தான் கற்றார்கள். காலையில் கண்டிக்குப் போகும்போது பஸ் தெற்கு நோக்கிச் செல்வதால் வெயில் இடப்புறத்தில் விழும்; மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கத்திய வெயிலும் அதே இடப்புறத்தில்தான் விழும்; ஆகையால் போகையிலும் வருகையிலும் வலப்புறத்தில் உட்காருகிறவனே புத்திசாலி என்பது, எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளும் பாடம். முன்னாலுள்ள ஆசனத்தின் மேலே 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருக்கும். எத்தனை நெரிசலிலும் துறவி ஒருவர் ஏறினால் அதில் அமர்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். ஆசனம் என்பது முந்தியவனுக்கு மட்டும் உரியதன்று, சில சமயங்களில் அது உரியவர் வரும்வரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள் என்னும் தர்மத்தை அந்தப் பலகை தினந்தோறும் எங்களுக்குப் போதித்துக்கொண்டிருந்தது. போதனை கண்ணில் பட்ட அளவுக்கு நெஞ்சில் படவில்லை என்பதை நான் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்குக் கோச்சியில் வருகிறவர்களுக்கும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. 1867ஆம் ஆண்டு கண்டியை எட்டிய அந்த இருப்புப்பாதை கடுகண்ணாவை மலையைத் தொற்றி ஏறும் இடத்தில், வலப்புறத்துச் சாளரத்தை அடைந்தவனுக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் கிட்டும்; இடப்புறத்தில் அமர்ந்தவனுக்கு ஈரம் கசியும் பாறைச் சுவரே கிட்டும். ஒரே கட்டணம், ஒரே வண்டி, ஒரே நேரம். எனினும் ஒருவன் மலைநாட்டைத் தரிசித்தவனாகவும் மற்றவன் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தவனாகவும் மட்டும் இறங்குகிறார்கள். இந்த வித்தியாசத்தைச் சிறுவயதிலேயே அறிந்தவனுக்குச் சாளரத்தின்மேல் பிரேமை உண்டாவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

விமானத்துச் சாளரமோ இவை எல்லாவற்றையும்விட விசேஷமானது. கையகல அளவேயான அந்தத் திறப்புக்குள் மூன்று படலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வெளிப்படலமே காற்றழுத்தத்தின் பாரத்தைத் தாங்குவது. நடுப்படலம் அதற்குத் துணை நிற்பது. நாம் நெற்றியை முட்டுக் கொடுக்கும் உட்படலம் கீறலிலிருந்து மற்றவற்றைக் காப்பது. நடுப்படலத்தின் அடிப்பாகத்தில் ஊசி முனையளவு துவாரம் ஒன்றை விட்டிருக்கிறார்கள். அழுத்தத்தின் சுமை முழுவதும் வெளிப்படலத்தின் மேலேயே விழும்படிச் செய்வதும், இடைவெளியில் பனி படியாமல் காப்பதும் அத்துவாரத்தின் வேலை. அதைச் சுற்றிச் சில வேளைகளில் உறைபனி ஊசிகள் பூப்போல் விரிந்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். சாளரத்தின் மூலைகள் வளைந்திருப்பதற்குப் பின்னால் ஒரு சோக சரித்திரமே இருக்கிறது. 1952ஆம் ஆண்டு பிரயாணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கிய முதல் ஜெட் விமானமாகிய கொமெட், 1954ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குள் இருமுறை இத்தாலிக் கடலின்மேல் நடுவானில் சிதறிப்போயிற்று. ஒரு முழு விமான உடலையே நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் இங்கிலாந்தில் நடத்திய பரிசோதனை, உடலில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைகளிலேயே உலோகம் களைத்து வெடிக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்தது. மனிதன் வானத்திலிருந்து பூமியைப் பார்க்க வேண்டும் என்று விரும்பியதற்குக் கொடுத்த விலை அது. இன்று நாம் அலட்சியமாக இழுத்து மூடிவிடுகிற அந்தச் சிறு கதவுக்கு இத்தனை உயிர்கள் சாட்சி.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துக் கிலோமீட்டருக்கு மேலே பறக்கும் விமானத்துக்குள் நாம் சுவாசிக்கும் காற்று, சுமார் 2,400 மீட்டர் உயரத்து மலையில் உள்ள காற்றின் அழுத்தத்துக்குக் கீழே போகாத அளவில் குறைக்கப்பட்டிருக்கலாம் என்பது விதி. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவையும் தாண்டி, 2,524 மீட்டர் உயரமான பீதுருதாலகாலை மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்பதற்கு அது ஒப்பாகும். ஆகவே கண்ணானது மேகத்துக்கு மேலே இருக்க, நெஞ்சானது நம்முடைய சொந்த மலைநாட்டின் சிகரம் ஒன்றிலே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. எங்கே பறந்தாலும் எங்கள் மக்களின் நுரையீரல் மலையைவிட்டு இறங்குவதில்லை என்று இதைக் கேட்ட அன்று நான் எண்ணி மகிழ்ந்தது உண்டு.

இனி நடைவழியோரத்து ஆசனத்தின் பெருமையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் லயங்களில் திண்ணை கிடையாது. இஸ்தோப்பு என்று ஒன்று உண்டு. லயத்து அறையாகிய காம்பராவின் வாசலுக்கும் வெளி முற்றத்துக்கும் இடையே, வீட்டுக்கும் சொந்தமாகி ஊருக்கும் சொந்தமாகி நிற்கும் அந்தக் குறுகிய தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பவன், உள்ளே போகிறவருக்கு வழிவிடுவான். வெளியிலிருந்து வருகிறவரை முதலில் விசாரிப்பான். அடுத்த காம்பராவில் குழந்தை அழுதால் முதலில் எழுந்து போகிறவனும் அவனே. விமானத்து நடைவழி ஆசனம் அத்தகைய இஸ்தோப்பு. உள்ளே இருக்கும் இருவர் எழ வேண்டுமென்றால் இவன் எழ வேண்டும். உணவுத் தட்டு இவன் கை வழியாகவே உள்ளே போகும். மேலே வைத்த பெட்டியை இறக்க இயலாத கிழவிக்கு இவனே கை கொடுப்பான். சரீர சௌகரியமும் அதில் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கால் நாளங்களில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. அமெரிக்க விமானங்களில் விஞ்ஞானிகள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குப்படி, நடைவழியோரத்தில் அமர்ந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஒருமுறையாவது எழுந்து நடக்க, சாளரத்தோரத்தில் அமர்ந்தவர்களில் 43 பேரே எழுந்தார்கள். சாளரம் மனிதனைக் கட்டிப்போடுகிறது. நடைவழி அவனை அவிழ்த்துவிடுகிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் ஏன் சாளரத்தையே கேட்டேன்? அதற்கு விடை என் ஊர்ப் பாதையிலேயே கிடக்கிறது.

அலவத்துகொடையின் நடுவே ஓடும் அந்தப் பெருந்தெருதான் வடக்கே மாத்தளை, தம்புள்ளை என்று நீண்டு, யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ-9 பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், காப்பித் தோட்டங்களுக்கென்று திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த எங்கள் முன்னோர்கள், தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடக்க, எஞ்சியவர்களில் மாத்தளையில் நிற்காமல் கண்டிக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டியவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் நடந்து போனார்கள். நடந்தவனுக்கு ஆசனம் ஏது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் ஆளின் இலக்கமும் குத்தப்பட்ட தகர வில்லையே பிரயாணச் சீட்டு. அதைத் தரித்தவனின் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்படும். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும், அதற்கு இணைப்பாக இருகரையிலும் புகைவண்டியும் ஓடத் தொடங்கின; மண்டபம் முகாமில் சோதனைக்கும் மருந்துக் குளியலுக்கும் உட்பட்டு வந்தவர்கள் அவற்றில் ஏற்றப்பட்டார்கள். தோட்டத்தைவிட்டுத் தோட்டம் மாற வேண்டுமென்றாலும் கடன் தொகையைக் குறித்துக் கொடுக்கும் 'துண்டு' என்ற கடதாசி இல்லாமல் மாற முடியாது. அது 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிந்தது. தகர வில்லையிலும் துண்டிலும் எழுதப்படாத ஒன்று இன்றைய போர்டிங் பாஸில் எழுதப்படுகிறது. அதுதான் பிரயாணியின் விருப்பம்.

அவர்கள் வந்து சேர்ந்த வீடு எப்படிப்பட்டது? பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே வாசல். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயங்களிலே, பின்சுவர் அடுத்த வீட்டின் பின்சுவராகவே இருந்தபடியால், சாளரம் வைக்க இடமே கிடையாது. அடுப்புப் புகை வாசல் வழியாகவே வெளியேற வேண்டும். வெளிச்சம் அதே வாசல் வழியாகவே உள்ளே வர வேண்டும். ஒன்று வெளியேறினால்தான் மற்றொன்று நுழையும். அப்படிப்பட்ட ஒரு காம்பராவிலேதான் என் அம்மாயி ஒன்பது பிள்ளைகளைப் பெற்றாள். தேயிலை மலையில் நாள் முழுவதும் அகன்ற ஆகாயத்தின் கீழே நின்றவள், வீடு திரும்பிய பின் உள்ளேயிருந்து ஆகாயத்தைக் கண்டவளில்லை. அவளுடைய பேரனாகிய நான் சாளரத்தைக் கேட்டு வாங்கும்போது, தலைமுறைகளாகக் கிட்டாத ஒரு கடனை வசூலிப்பது போன்ற ஒரு வைராக்கியம் என்னையறியாமலே எனக்குள் எழுகிறது. அது பேராசை என்று எவரேனும் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதன் வேர் எங்கேயிருக்கிறது என்பதைக் காட்டுவேன்.

சாளரத்தை நான் வேறொரு கோலத்திலும் கண்டிருக்கிறேன். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, எங்கள் குடியுரிமை குறித்து இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டோம். மிஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும் என்று ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிவிட்டபடியால், போகிறவர்கள் தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரத்தில் போய் இறங்கினார்கள். அவர்களை மலையிலிருந்து ஏற்றிச் சென்ற வண்டிக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'.

என்னுடைய அத்தை அவ்விதம் போனபோது எனக்குப் பத்து வயதிருக்கும். கண்டி ஸ்டேஷனில் அத்தைக்குச் சாளரத்தோரம் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, வழியனுப்ப வந்தவர்கள் இத்தனை பேர் என்று பார்த்து மற்றவர்களே அவளை அங்கே தள்ளி உட்காரவைத்தார்கள் என்பதே சரி. வண்டி நகரும் தறுவாயில், பைக்குள் எதையோ தேடிய அத்தையின் கையில் அவளுடைய கொழுந்துக் கூடைக் கயிறு அகப்பட்டது. தலையில் மாட்டி மாட்டி நடுவில் எண்ணெய்க் கறுப்பேறிப் பளபளத்த கயிறு. "அண்ணி, இது எப்படியோ வந்திருச்சு. இனி அங்க எதுக்கு எனக்கு?" என்று அதை என் தாயின் கையில் சாளரத்தின் வழியே திணித்தாள். போனவளுக்கு வாய்த்ததோ, தாயகம் திரும்பியவர்களுக்கெனத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டம். கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனவள், வேறொரு கயிற்றை மாட்டிக்கொண்டு கூடலூர்ப் பக்கத்து மலையிலே மேலும் முப்பது ஆண்டு கொழுந்து பறித்தாள். அவள் விட்டுச்சென்ற கயிறு எங்கள் வீட்டு ஆணியில் வெகுகாலம் தொங்கியது.

சென்ற மாசியில் நான் சென்னைக்குப் புறப்பட்டது அந்த அத்தையின் பிள்ளைகளைப் பார்க்கத்தான். அத்தை காலஞ்சென்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அலவத்துகொடையிலிருந்து நள்ளிரவில் வேன் பிடித்து, விடியுமுன் கட்டுநாயக்கவை அடைந்து, கருமபீடத்துப் பெண்ணின் கேள்விக்கு இம்முறை தடுமாற்றமின்றி, "விண்டோ, இடப்புறத்து விண்டோ" என்றேன். காரணம் உண்டு. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நேர் வடக்கே பறக்கும் விமானத்தில், வானம் தெளிந்திருக்குமானால், புத்தளத்துக் களப்பும், அதன்பின் மன்னார்த் தீவும், அத்தீவின் முனையிலிருந்து தனுஷ்கோடியை நோக்கி நீளும் மணல் தீடைகளும் இடப்புறத்தில்தான் தென்படும். என் கொள்ளுப்பாட்டன் தோணியில் கடந்ததும், என் அத்தை கப்பலில் திரும்பக் கடந்ததுமான கடல் அது. அதை ஒரே பார்வையில் காணக்கூடிய ஆசனம், அந்த விமானத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றே ஒன்று. அதை நான் கேட்டு வாங்கினேன்.

எனக்குப் பக்கத்து நடு ஆசனத்தில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி வந்து அமர்ந்தாள். வெள்ளைச் சேலை, மடியில் இறுகப் பிடித்த துணிப்பை. அப்பால் நடைவழியோரத்தில் அவளுடைய மகன். இராத் தூக்கமில்லாத அசதியில் பட்டியை மாட்டியவுடனேயே உறங்கிப்போனான். விமானம் எழும்பியபோது அவள் கண்களை மூடிக்கொண்டு முருகனை அழைத்தாள். நான் சாளரத்தோடு ஒட்டிக்கொண்டேன். தென்னந்தோப்புகள், செங்கல் நிறத்துப் பாதைகள், களப்பின் பச்சை, கடலின் நீலம் என்று ஒவ்வொன்றாகக் கீழே விரிய விரிய, பக்கத்தில் ஒரு ஜீவன் இருப்பதையே மறந்துவிட்டேன். மன்னார்த் தீவு, கடலின்மேல் யாரோ நீட்டிய விரலைப்போல் வெளிப்பட்டது. அதன் முனைக்கு அப்பால் நீருக்குள்ளிருந்து முதுகு காட்டும் வெளிறிய திட்டுகள், ஒன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னும் ஒன்று.

"தம்பி, தலைமன்னாரு வந்துருச்சா?"

திரும்பினேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். இடுப்புப் பட்டி அவளை விடவில்லை. என்னுடைய தலையோ சாளரம் முழுவதையும் மறைத்துக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக அவ்வாறு முயன்றுகொண்டிருந்தாளோ தெரியாது. "அதோ தெரியுது அம்மா" என்று விரலை நீட்டினேன். நான் விரலை நீட்டினேனேயன்றி, உடனே எழவில்லை; இந்தக் குற்றத்தை நான் மறைக்க விரும்பவில்லை. இன்னும் ஒரு கணம், இன்னும் ஒரு தீடை என்று என் கண் என்னைப் பிடித்துவைத்தது. பிறகுதான் வெட்கம் வந்தது. பட்டியை அவிழ்த்து, அவளுடைய பட்டியையும் அவிழ்த்து, பையைக் கைமாற்றி, ஒருவரையொருவர் தாண்டி நாங்கள் இடம் மாறி அமர்வதற்குள், நிமிஷத்துக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகப் பறந்துகொண்டிருந்த அந்த விமானம் எல்லாவற்றையும் இறக்கைக்குப் பின்னால் தள்ளிவிட்டது. அவளுக்குக் கிடைத்தது வெறும் கடல்.

அவள் கோபிக்கவில்லை. உள்ளங்கையைச் சாளரத்தின்மேல் வைத்துக்கொண்டாள். "குளுருது தம்பி" என்றாள். வெகுநேரம் கழித்துத் தானாகவே பேசினாள். "எங்கக்கா இந்தப் பக்கமாத்தான் கப்பல்ல போச்சு. கோச்சியில ஜன்னல்கிட்டத்தான் ஒக்காந்திருந்துச்சு. அது கையப் புடிச்சுக்கிட்டே கூட ஓடினேன். ஸ்டேஷன் முடியிற எடத்துல நான்தான் விட்டுட்டேன்." அக்காவுக்கு இப்போது சுகமில்லையாம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவளைக் காண்பதற்காகவே இந்த முதல் விமானப் பிரயாணம்.

சென்னையில் இறங்கிய பின்பும் கூடலூருக்குப் போகும் வழியெல்லாம் நான் அந்த உள்ளங்கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணின் கட்சி, காலின் கட்சி என்று நான் இதுகாறும் நடத்திவந்த வழக்கிலே மூன்றாவது ஒருவர் இருக்கிறார் என்பதை நான் கருதவேயில்லை; நடு ஆசனத்தில் அமர்ந்து, கேட்கத் தயங்கி, நம் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒருவர். எனக்குச் சாளரம் வேண்டும் என்பதற்கு என் குலத்தின் சரித்திரம் முழுவதையும் சாட்சியாக அழைத்தேன். அதே சரித்திரத்தை என்னைவிட அதிகமாகத் தாங்கிய ஒருத்தி, ஒரு முழங்கை தூரத்தில், சாளரமின்றி உட்கார்ந்திருந்தாள். பட்ட துயரம் ஒருவனுக்கு உரிமையைக் கொடுக்குமானால், அதைத் தன்னோடு பட்டவர்களைத் திரும்பிப் பார்க்கும் கடமையையும் சேர்த்தே கொடுக்கிறது.

ஆகவே, இப்போது என்னுடைய சித்தாந்தம் இது. சாளரத்தோரத்து ஆசனம் முதன்முறையாகப் போகிறவருக்கும், திரும்பி வருவோமோ என்ற நிச்சயமில்லாமல் போகிறவருக்கும் உரியது. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்கென்று கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுப் புறப்படும் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு, இரவு விமானமாயிருந்தாலும், நீர்கொழும்புக் கரையின் கடைசி வெளிச்சப் புள்ளி மறையும்வரை அது உரியது. போய் வந்து பழகிய நாம் இஸ்தோப்பில் உட்கார வேண்டியவர்கள். யார் முதல்முறை போகிறவர், யார் கடைசிமுறை போகிறவர் என்பது முகத்தில் எழுதியிருக்காது. அதற்குப் பலகையும் கிடையாது. கேட்க வேண்டும். "அம்மா, நீங்கள் இந்தப் பக்கம் உட்காருகிறீர்களா?" என்று, விமானம் தரையில் நிற்கும்போதே, பட்டியை மாட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

திரும்பி வரும்போது, சென்னையில் அதே கேள்வி வந்தது. "ஐல்" என்றேன். தெற்கு நோக்கிய பிரயாணமாகையால் தீடைகள் இம்முறை வலப்புறத்தில். எனக்கு வாய்த்ததும் வலப்புறத்து நடைவழி ஆசனமே. சாளரத்தோரத்தில் ஆறேழு வயதுச் சிறுமி, நடுவே அவள் தாய். "இன்னும் சற்று நேரத்தில் கீழே கடலுக்குள் மணல் திட்டுகள் தெரியும் அம்மா, பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று தாயிடம் சொல்லிவைத்தேன். அதன்பின் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சின்னஞ்சிறு பின்னந்தலையும், இரட்டைப் பின்னலும், சாளரத்தில் பதிந்த ஒரு விரலும்தான். அவள் எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு வரையில் எண்ணிவிட்டு, அப்பால் நிலம் தொடங்கிவிட்டதாகத் தாயிடம் தெரிவித்தாள். உணவு வண்டி பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, அவளுக்குரிய தட்டை வாங்கி உள்ளே நீட்டினேன்.